ஸ்போர்ட்ஸ் ரூம் கதவில் பென்சில் கோடுகள்

எங்கள் பள்ளி ஸ்போர்ட்ஸ் ரூம் கதவின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு தேதி, ஒரு முதலெழுத்து. மாதத்தின் முதல் வேலை நாளில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கதவில் முதுகை ஒட்டி நிற்பார்கள். தலைமேல் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவேன். பெயின்ட் அடிக்க வந்தவர் ஒருமுறை அதைச் சுரண்டப் போனார். குறுக்கே போய் நின்றுவிட்டேன். "என்ன டீச்சர், கிறுக்கலுக்குப் போய் இப்படிப் பதறுறீங்க" என்றார். அன்று அவருக்கு விளக்க நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் லால்குடி பக்கத்துக்காரி. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அதற்கு முன்னால் 800 மீட்டர் ஓடியவள். மாநிலப் போட்டி வரை போனேன், அதற்கு மேல் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

ஒன்பதாம் வகுப்பில் குறுவட்டப் போட்டி. 400, 800, நீளம் தாண்டுதல், போதாததற்கு ரிலே. பள்ளி விளையாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்: முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. மூன்று ஈவன்டிலும் முதலில் வந்தால் 15 புள்ளி, தனிநபர் சாம்பியன் கோப்பை. எல்லோர் புள்ளியையும் கூட்டினால் பள்ளிக்கும் ஓவரால் கோப்பை கிடைக்கும். நான் 15 எடுத்தேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் கையால் கோப்பையை வாங்கியபோது, அப்பா சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 5-3-1 கணக்குதான் அடுத்த மூன்று வருடம் என் பயிற்சித் திட்டமாக இருந்தது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், நடுவில் சங்கங்கள் நடத்தும் மீட், கோயில் திருவிழா ஓட்டம்கூட. எங்கே சுண்ணாம்புக் கோடு போட்டாலும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நானும் ஆசையாகத்தான் போனேன்.

14 வயதில் 800 மீட்டரை 2 நிமிடம் 29 வினாடியில் ஓடினேன். 16 வயதில் 2 நிமிடம் 21. அதுதான் என் வாழ்நாள் சிறந்த டைமிங். பதினாறு வயதுக்குப் பிறகு ஒருமுறைகூட அதைவிட வேகமாக ஓடவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் வலி. ஓடும்போது வந்த வலி கொஞ்ச நாளில் நடக்கும்போதும் வந்தது, அப்புறம் படுத்திருக்கும்போதும் வந்தது. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் தைலம் தேய்த்துவிட்டு ஓடச் சொன்னார். அவர் கெட்டவரில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். கடைசியில் டாக்டரிடம் போனபோது எலும்பில் மயிரிழை விரிசல். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றிய ஒரு கேள்வியைக் கேட்டார்: "மாசா மாசம் ஒழுங்கா வருதாம்மா?"

ஏழு மாதமாக வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சீனியர் அக்காக்கள் சொல்லியிருந்தார்கள். உண்மை அதுவல்ல. காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய், மதியம் சாதம், சாயங்காலம் மறுபடி ஓட்டம். செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் உடம்பு தனக்கு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் அதில் ஒன்று. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும், எலும்பு பலமிழக்கும், விரிசல் விழும். அந்த டாக்டர் ஒரே கேள்வியில் இரண்டு நோயையும் பிடித்துவிட்டார். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கென்று தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே என் ஓட்டம் முடிந்துவிட்டது.

என்னிடம் ஓடுகிற பெண் பிள்ளைகளிடம் நான் கூச்சப்படாமல் கேட்கிறேன். நோட்டில் தேதியை எழுதச் சொல்கிறேன். மூன்று மாதம் வரவில்லை என்றால் பயிற்சி நிற்கும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகவேண்டும். ஆண் பயிற்சியாளர்களுக்கு இதைக் கேட்பது கஷ்டம், தெரியும். ஒரு ஆசிரியையை, சத்துணவு அக்காவை, யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். கேட்காமல் மட்டும் விடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய விஞ்ஞானம் எதுவும் என்னிடம் இல்லை. காலை ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் அரைமணிக்குள் இரண்டு கடலை உருண்டையும் ஒரு முட்டையும். இந்தச் செலவை ஊர்க்காரர் இருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்று அம்மாக்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின். 'இந்தப் பொண்ணு சோம்பேறி ஆயிட்டா' என்று நான் நினைத்த ஒருத்திக்கு 8.6தான் இருந்தது, ரத்தசோகை. மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதத்தில் சோம்பேறித்தனம் போய்விட்டது.

சரி, கதவுக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். உயரம் தாண்டுபவன். ஜூன் மாதம் வந்தபோது போட்டிருந்த பேன்ட், தீபாவளிக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதே சமயத்தில் குதிகால் வலி என்று சொல்ல ஆரம்பித்தான். தாண்டுவதற்கு முன் அடி வைக்கும் கணக்கும் தடுமாறியது. போன வருடம் தூங்கிக்கொண்டே தாண்டிய உயரத்தைத் தட்டிவிட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா நடிக்காதடா." எனக்குத் தைலம் தேய்த்துவிட்டவரைவிட நான் எந்த விதத்திலும் உசத்தி இல்லை. பொங்கலுக்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். இப்போது சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு செல்ஃபோன் கடையில் இருக்கிறான். பார்த்தால் சிரித்துப் பேசுவான். எனக்குத்தான் ஒருமாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பெண்களுக்கு ஏறக்குறைய 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் உயரம் வேகமாக ஏறும் ஒரு காலம் வருகிறது. இது சராசரிதான், ஒருவருக்கு முன்னே, இன்னொருவருக்குப் பின்னே. அந்தச் சமயத்தில் எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசையும் தசைநாணும் ஈடுகொடுக்காது. குதிகாலிலும், முழங்காலுக்குக் கீழே தசைநாண் வந்து ஒட்டுகிற மேட்டிலும் எலும்பு இன்னும் முற்றாமல் குருத்தாக இருக்கும். அங்கே திரும்பத் திரும்ப இழுத்தால் வலிக்கத்தான் செய்யும். கை கால் நீளம் மாறுவதால் உடம்புக்கே தன் அளவு தெரியாமல் தடுமாறும். அந்தப் பையன் நடிக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். ஒரு கதவும் பென்சிலும் போதும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அந்தப் பிள்ளைக்கு நான் திட்டத்தை மாற்றிவிடுவேன். தாண்டுகிற, குதிக்கிற எண்ணிக்கை பாதி. கடினத் தரையில் வேக ஓட்டம் குறைவு, புல்தரையில் மெதுவோட்டம். நுட்பப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, வயிறு-முதுகுக்கான பயிற்சிகள் அதிகம். டைமிங் எடுப்பதையே நிறுத்திவிடுவேன். ஏனென்றால் அந்த ஆறு மாதம், ஒரு வருடத்தில் டைமிங் மோசமாகலாம். நம்பரைப் பார்த்தால் பிள்ளைக்கும் பயம், அப்பாவுக்கும் பயம்.

கதவு இன்னொன்றையும் காட்டுகிறது. பதின்மூன்று வயதிலேயே வளர்ந்து முடிந்தவன் யார், இன்னும் தொடங்காதவன் யார் என்பதை. குறுவட்டத்தில் குண்டு எறிந்து ஜெயிக்கிறவன் பெரும்பாலும் மீசை முளைத்தவன். அது திறமையா, சீக்கிரம் வந்த வளர்ச்சியா என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. 18 வயதுக்கு உட்பட்ட பையன்கள் எறிவது 5 கிலோ குண்டு, 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 6 கிலோ, சீனியருக்கு 7.26 கிலோ. உடம்பு பெரிது என்பதை மட்டும் வைத்து 5 கிலோவில் ஜெயித்தவன், 7.26 வரும்போது எல்லோரும் அவன் உயரத்துக்கு வந்துவிட்டதைப் பார்ப்பான். அப்போது அவனிடம் நுட்பம் இல்லை என்றால் வேறு எதுவும் இருக்காது. எதிர்ப்பக்கம், குள்ளமாக, கடைசியில் நான்காவதாக வந்துகொண்டே இருக்கிற டிசம்பர் மாதத்துப் பிள்ளையை நாம் மைதானத்தை விட்டே துரத்திவிடுகிறோம். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். பதின்மூன்று வயதில் அது மலை அளவு.

(பிறந்த தேதி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் தலைமுறையில் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்த நாள். பள்ளியில் சேர்த்த வாத்தியார் அவர் கணக்குக்குப் போட்ட தேதி. அது அந்தக் காலம். இப்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒரே தேதி இருக்கவேண்டும். வயதைக் குறைத்து ஓட வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவர் பக்கமே போகாதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள். மாட்டினால் போவது பிள்ளையின் பெயர்.)

நீண்ட காலத் திட்டம் என்றவுடன் பெரிய சார்ட் எல்லாம் வேண்டாம். என்னிடம் ஓடுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு நீள நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு கணக்கு எழுதச் சொல்வேன்: எனக்கு 23 வயது ஆகும் வருடம் எது? ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை எழுதிவிட்டுச் சிரிக்கும். ஆனால் அப்பா அம்மாவிடம் பேசும்போது அந்த ஒற்றை எண் எனக்கு ரொம்ப உதவுகிறது. கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடி, 1984-ல் பி.டி. உஷா வைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தபோது அவருக்கு வயது 25. எங்கள் லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியபோது 23. உஷா லாஸ் ஏஞ்சலஸில் ஓடியபோது 20தான், உண்மை. எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. ஆனால் பதினான்கு வயதுக் கோப்பை யாருக்கும் கடைசிக் கோப்பை இல்லை. உசேன் போல்ட்டே 2002-ல் 15 வயதில் உலக ஜூனியர் சாம்பியன் ஆகிவிட்டு, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2008 அதற்குப் பிறகுதான் வந்தது.

நோட்டின் இரண்டாம் பக்கத்தில் அந்த வருடத்தின் போட்டிகள் எல்லாவற்றையும் எழுதி, இரண்டைச் சுற்றி மட்டும் வட்டம் போடுவோம். மற்றவை பயிற்சி மாதிரி. ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். இந்த இரண்டாம் பக்கத்துக்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "மிஸ், அந்தப் பொண்ணு 200-ம் ஓடியிருந்தா ஓவரால் நமக்குத்தானே" என்று சக ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். ஆமாம், நமக்குத்தான். அந்த வருடம் கோப்பை பக்கத்துப் பள்ளிக்குப் போனது.

பதினைந்து வயது வரை யாரையும் ஒரே ஈவன்டில் கட்டிப்போடுவதில்லை. என் ஓட்டக்காரப் பிள்ளைகள் எல்லோரும் கோ-கோ ஆடுவார்கள். சட்டென்று திரும்புவது, நிற்பது, தாழ உட்கார்ந்து எழுவது எல்லாம் அதில் விளையாட்டாகவே வந்துவிடும். வாரப் பயிற்சி மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு சுலபமான அளவு சொல்வார்கள். 13 வயது என்றால் வாரம் 13 மணி நேரத்துக்குள். ஞாயிறு முழு ஓய்வு. ஞாயிறு தனியாகப் போய் ஓடிவிட்டு வந்து பெருமையாகச் சொன்ன ஒருவனுக்குத் திங்களும் லீவு விட்டேன். அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை.

ஒரு அப்பா ஒருநாள் பெரிய டப்பாவோடு வந்தார். "ஜிம்முல ஒருத்தர் குடுத்தாரு டீச்சர், புரோட்டீனாம், ஸ்டாமினா வருமாம்." டப்பாவில் எழுதியிருந்ததில் பாதி எனக்கே புரியவில்லை. அவரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். டப்பாவில் எழுதாத சரக்கும் உள்ளே கலந்திருக்கலாம். ஊக்கமருந்துச் சோதனையில் பிள்ளையின் உடம்பில் ஏதாவது கண்டுபிடித்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் மட்டும் தப்ப முடியாது. தன் உடம்புக்குள் போனதற்கு வீரர்தான் பொறுப்பு. சளிக்கும் காய்ச்சலுக்கும்கூட டாக்டரிடம், "என் பொண்ணு போட்டியில ஓடுறா" என்று சொல்லி மருந்து வாங்குவது நல்லது. அவர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாரா, வேறு யாருக்காவது விற்றாரா, தெரியாது.

அடுத்தது எனக்கு ரொம்ப வலித்த விஷயம், சான்றிதழ். என்னுடையவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தேன். பி.பி.எட். என்ற உடற்கல்விப் படிப்பில் சேரும்போது எடுத்தால், கரையான். இரண்டு மாநிலச் சான்றிதழ்களில் ஓரமும் முத்திரையும் மட்டும் மிச்சம். அதைவிடப் பெரிதாகக் கோட்டை விட்டது இன்னொன்று: கலர் கலராகக் கொடுக்கும் பாராட்டுச் சான்றிதழ் வேறு, விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்கும் படிவம் வேறு என்பதே எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4 என்று ஒவ்வொன்றுக்கும் தனி. உரிய அதிகாரியின் கையெழுத்து வேண்டும். போட்டி முடிந்த கையோடு வாங்கினால் சுலபம். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, தொழிற்கல்விச் சேர்க்கையில் இடம் இருக்கிறது, ரயில்வே, ராணுவம், காவல்துறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வாசல் அந்தக் காகிதம்தான். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பிளாஸ்டிக் ஃபைல். அசல் வீட்டில், நகல் பள்ளியில், படம் அப்பாவின் செல்ஃபோனில்.

படிப்பைப் பற்றி நீளமாகப் பேசப்போவதில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பொதுத்தேர்வுக்கு முன் இரண்டு மாதம் பயிற்சியை வாரம் மூன்று நாளாகக் குறைத்துவிடுகிறோம். நிறுத்துவதில்லை. முழுக்க நிறுத்தினவர்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

விடுதியில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் சாப்பாடு, தங்குமிடம், டிராக், பயிற்சியாளர் எல்லாம் கிடைக்கும். நம் கிராமத்து வீட்டில் கிடைக்காத சாப்பாடு அங்கே கிடைக்கும் என்பதே பல பிள்ளைகளுக்குப் போதுமான காரணம். ஆனால் அனுப்பும் முன் பிள்ளையைக் கேளுங்கள். நான் அனுப்பியவர்களில் ஒருத்தி நாலாவது நாள் இரவு பக்கத்தில் இருந்தவரின் செல்ஃபோனில் கூப்பிட்டு அழுதாள். திரும்பக் கூட்டிவந்துவிட்டோம். மறு வருடம் தானாகக் கேட்டுப் போனாள், இருந்துவிட்டாள்.

200 மீட்டர் ஓட விடாமல் நான் தடுத்தேனே, ஓவரால் கோப்பை போனதே, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. கதவில் அவள் கோடுகள் மூன்று மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் ஏறியிருந்தன. ஒரு வருடம் கோ-கோவும் மெதுவோட்டமுமாக ஓட்டினோம். அவள் அப்பா ஒருமுறை நேரில் வந்து, "என் பொண்ணை ஏன் டீச்சர் ஓரங்கட்டுறீங்க" என்று கேட்டார். நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினேன். சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் நிறுத்தாமல் அனுப்பினார், அதற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் மூன்றாமிடம். பதினொன்றில் மாநிலத்தில் ஆறாமிடம். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 800 மீட்டரில் என் பதினாறு வயது டைமிங்கைவிட அப்போது இரண்டு வினாடி பின்னால்தான் இருந்தாள்.

இப்போது பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. பயிற்சிக்கு மட்டும் சாயங்காலம் இங்கே வருகிறாள். போன மாதம் முதல் தேதி, சின்னப் பிள்ளைகள் வரிசையில் தானும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவில் ஒட்டி நின்றாள். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். பென்சில், பழைய கோட்டின் மேலேயே போனது. பன்னிரண்டு மாதமாக அதே இடம். திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், நின்னுடுச்சு. இனிமே வெயிட் தூக்கலாம்தானே?"

தூக்கலாம் என்றேன். நோட்டை எடுத்து வரச் சொன்னேன்.